பெருமூளை வாதமுள்ள குழந்தைக்கு அக்குபஞ்சர்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளரும் மூளையில் கருவிலோ, பிறப்பின்போதோ, பிறந்த சில காலத்திலோ ஏற்பட்ட பாதிப்பின் விளைவே பெருமூளை வாதம். அந்தப் பாதிப்பை அக்குபஞ்சர் ஊசி சரிசெய்யும் என்பதற்குச் சான்று இல்லை. தசை இறுக்கம் தளர்வதிலும் அசைவுத் திறனிலும் ஓரளவு பயன் இருப்பதாகச் சில ஆய்வுகள் கூறினாலும், அவற்றில் பல குறைந்த எண்ணிக்கையிலான குழந்தைகளிடம் நடத்தப்பட்டவை, தரத்திலும் உறுதியற்றவை. ஆகவே இது வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துப் பார்க்கத்தக்க துணைச் சிகிச்சை மட்டுமே.

இதை மறந்து, நடந்துகொண்டிருக்கும் மருந்தை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. தமிழ்நாட்டில் "ஆங்கில மருந்தை விட்டால்தான் இது வேலை செய்யும்" என்று சொல்லும் அக்குபஞ்சர் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். பெருமூளை வாதமுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வலிப்பு நோயும் உண்டு. வால்ப்ரோயேட் போன்ற வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால், நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தசை இறுக்கத்துக்குக் கொடுக்கப்படும் பேக்லோஃபென் மாத்திரையும் அப்படித்தான்: படிப்படியாகக் குறைக்காமல் நிறுத்தினால் காய்ச்சல், குழப்பம், முன்னைவிடக் கடுமையான இறுக்கம், வலிப்பு ஆகியவை தோன்றலாம். அந்தக் காய்ச்சலைப் பார்த்து "கழிவு வெளியேறுகிறது, பயப்படாதீர்கள்" என்று யாராவது சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குழந்தையின் மருத்துவ விவரங்களைச் சிகிச்சையாளரிடம் சொல்லாமல் விடுவது அடுத்த தவறு. வால்ப்ரோயேட் சில குழந்தைகளுக்கு, இரத்தப்போக்கை நிறுத்த உதவும் இரத்தத் தட்டணுக்களைக் குறைப்பதால், ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கட்டக்கூடும். உடலுக்குள் பேக்லோஃபென் பம்ப் பொருத்தப்பட்டிருந்தாலோ, வலிப்பு கட்டுக்குள் இல்லாவிட்டாலோ, நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல், ஊசிகள் வழியே மின்சாரம் செலுத்தும் மின்தூண்டல் அக்குபஞ்சருக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. உச்சிக்குழி மூடாத கைக்குழந்தைக்கு அவ்விடத்தில் ஊசி போடவே கூடாது. கெண்டைக்கால் தசையில் ஊசி நிற்கும்போது கால் திடீரென விறைத்தால் ஊசி வளையலாம், அரிதாக உடையவும் செய்யலாம் என்பதால், குழந்தையைத் தனியே படுக்கவைத்துவிட்டு நகர்வது சரியல்ல. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியின் உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்வதிலும், போட்ட ஊசிகளையும் எடுத்த ஊசிகளையும் எண்ணிப் பார்ப்பதிலும் கூச்சம் வேண்டாம்.

முன்னேற்றம் எதுவானாலும் அதை ஊசியின் கணக்கில் எழுதுவதும் பரவலான தவறே. இந்தக் குழந்தைகளின் அசைவுத் திறன் முதல் ஐந்தாண்டுகளில்தான் பெரும்பாலும் வளர்கிறது. மூன்று வயதில் உட்காரத் தொடங்கியதற்கு அந்த வளர்ச்சியும் இயன்முறைப் பயிற்சியும் காரணமாக இருக்கலாம். தொடங்குவதற்கு முன்பே, பிடிமானமின்றி எவ்வளவு நேரம் உட்காருகிறது, கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதை இயன்முறை மருத்துவரைக் கொண்டு அளந்து எழுதிவைத்து, மூன்று மாதம் கழித்து அவரையே மறுபடி அளக்கச் செய்யுங்கள். மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம்.

ஊசிக்கு நேரம் ஒதுக்குவதற்காக இயன்முறைப் பயிற்சியையும் கணுக்கால் பட்டையையும் கைவிடாதீர்கள். அரசின் மாவட்ட இடையீட்டு சேவை மையங்களில் பயிற்சி இலவசமாகவே கிடைக்கிறது. இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடுவதும் கூடாது. நடக்க இயலாத குழந்தைகளுக்கு மூட்டு விலகும் அபாயம் அதிகம். தொடக்கத்தில் வலியே இருக்காது என்பதால், கால் தளர்ந்து இலகுவாகத் தெரிந்தாலும் மருத்துவர் சொன்ன தேதியில் படம் எடுத்தாக வேண்டும்.