பிங் போகிறது, நெட் வரவில்லை: லினக்ஸில் டிஎஸ்எல் பழுது தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொலைபேசிக் கம்பி வழியாக நெட் வரும் டிஎஸ்எல் இணைப்பையும் லினக்ஸ் கணினியையும் வைத்துக்கொண்டு தடுமாறும் புதியவர்களுக்கு அவ்வப்போது உதவுகிறேன். ஆள் மாறுகிறார், டிஸ்ட்ரோ மாறுகிறது, தவறுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. பாதிக்கு மேல் நானும் ஒரு காலத்தில் செய்தவைதான். வயரைச் சரியாகச் சொருகினீர்களா, பாஸ்வேர்டை ஒழுங்காக அடித்தீர்களா என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பொழுதை விழுங்கிவிட்டு, சமயத்தில் நன்றாக இருந்த கணினியையும் கெடுத்துவிடும் தவறுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

லைனைப் பார்க்காமல் லினக்ஸைக் குடைவது

நெட் வரவில்லை என்றதும் டெர்மினலைத் திறந்து நெட்வொர்க் மேனேஜரை நிறுத்துவார்கள், மறுபடி ஓட விடுவார்கள், டிரைவரை மாற்றுவார்கள். பக்கத்திலேயே மோடத்தில் டிஎஸ்எல் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அது மினுக்கினால், மோடமும், மறுமுனையில் நிறுவனம் வைத்திருக்கும் டிஸ்லாம் என்ற கருவியும் இன்னும் ஒத்திசைவுக்கு வரவில்லை என்று அர்த்தம். அந்த விளக்கு நிலையாக எரியும் வரை கணினியில் எதைத் திருத்தினாலும் பயன் இல்லை. ஈத்தர்நெட் வயரில் இணைத்த மோடம் என்றால் லினக்ஸ் பேசுவது மோடத்தோடு மட்டும்தான். அதற்கு அப்பால் ஓடும் செம்புக் கம்பி அதன் கண்ணுக்கே தெரியாது.

விளக்கு எரிந்தும் இணைப்பு அடிக்கடி அறுகிறதா? பிரவுசரில் மோடத்தின் பக்கத்தைத் திறங்கள். பெரும்பாலும் 192.168.1.1 என்ற முகவரியில் இருக்கும். அங்கே எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க லைனில் மிச்சம் இருக்கும் இடம்) என்று ஓர் எண் தெரியும். அது 6 டெசிபெலுக்குக் கீழே இருந்தால் லைன் தள்ளாடுகிறது. சிஆர்சி பிழைகளின் (வழியில் சிதைந்த தரவின்) எண்ணிக்கை பார்க்கப் பார்க்க ஏறினால் கம்பியில் இரைச்சல் நுழைகிறது. தொலைபேசிப் பேச்சு 4 கிலோஹெர்ட்சுக்குள் அடங்கிவிடும். டிஎஸ்எல்லின் பரவலான வகையான ஏடிஎஸ்எல் அதற்கு மேலே, சுமார் 25 கிலோஹெர்ட்சில் தொடங்கி 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது. ஏடிஎஸ்எல்2 பிளஸ் என்றால் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை. பேச்சையும் நெட்டையும் பிரித்து வைப்பது போனுக்கு முன்னால் சொருகும் சின்ன ஃபில்டர்தான். அதே லைனில் ஃபில்டர் இல்லாமல் ஒரே ஒரு போன் இருந்தாலும் மார்ஜின் சரிந்துவிடும். மணி அடிக்கும்போதெல்லாம் நெட் போகிறது என்றால் முதலில் அதைத்தான் பாருங்கள்.

ரீசெட் துளை

மோடத்தில் இருக்கும் அந்தத் துளையில் குத்தாதீர்கள். அணைத்துப் போடுவது வேறு, இது வேறு. யூசர்நேம், பாஸ்வேர்டு, நிறுவனத்தின் லைனுக்கு உரிய விபிஐ, விசிஐ எண்கள் எல்லாம் அழிந்துவிடும்.

இரண்டு இடத்தில் டயல் செய்வது

மோடம் இரண்டு விதமாக வேலை செய்யும். ரவுட்டர் முறையில் இருந்தால் மோடமே பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து உள்நுழையும் முறை) மூலம் டயல் செய்துவிடும். கணினிக்கு டிஎச்சிபியில் தானாகவே முகவரி வரும், அவ்வளவுதான் வேலை. பிரிட்ஜ் முறையில் இருந்தால் மோடம் சும்மா கடத்திவிடும். டயல் செய்ய வேண்டியது கணினி. எந்த முறையில் இருக்கிறது என்று பார்க்காமல், எங்கோ படித்த குறிப்பை வைத்துக் கணினியில் ஒரு பிபிபிஓஇ இணைப்பை உருவாக்கிவிடுகிறார்கள். மோடம் ஏற்கெனவே அதே யூசர்நேமில் உள்ளே போயிருக்கும். பல நிறுவனங்கள் ஒரே நேரத்தில் ஓர் உள்நுழைவுக்குத்தான் இடம் கொடுக்கும். அதனால் ஒன்று, பதிலே வராது. அல்லது, பாஸ்வேர்டு தவறு என்பது போன்ற செய்தி வரும். சரியான பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துப் பார்ப்பது அங்கேதான் தொடங்குகிறது.

முறைப்படி துண்டிக்காமல் கரண்ட் போய் அறுந்தாலும் இதே செய்தி வரலாம். பழைய அமர்வு சர்வரில் இன்னும் உயிரோடு இருக்கும். மோடத்தை அணைத்துவிட்டுச் சில நிமிடங்கள் பொறுத்திருந்து போடுங்கள். அதற்குள் பாஸ்வேர்டை மாற்றக் கிளம்ப வேண்டாம்.

ஐசிஎம்பியை மொத்தமாக வெட்டுவது

இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஐசிஎம்பி என்பது, நெட்டில் போகும் பாக்கெட்டுகளுக்கு (தரவுப் பொட்டலங்களுக்கு) என்ன ஆனது என்று கணினிகளும் ரவுட்டர்களும் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லும் முறை. மறுமுனை இருக்கிறதா என்று கேட்கும் பிங் அதில் ஒரு வகை மட்டும்தான். ஐசிஎம்பியை ஃபயர்வாலில் மொத்தமாக வெட்டுவதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு. பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு குறிப்பாகக் கைமாறிக் கைமாறி வருவதால் யாரும் இதைத் தவறு என்றே நினைப்பதில்லை. ஐசிஎம்பி என்றால் பிங், பிங் என்றால் வெளியாள் நோட்டம் விடுவது, ஆகவே மூடிவிடு. இவ்வளவுதான் அந்தக் குறிப்பில் இருக்கும் விளக்கம்.

நண்பர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். தேடல் பக்கம் திறக்கிறது. செய்திகள் வருகின்றன. மெயிலைப் படிக்க முடிகிறது. ஆனால் ஒரு படத்தை இணைத்து அனுப்பினால் பட்டை கொஞ்ச தூரம் நகர்ந்து அப்படியே நின்றுவிடும். வெளி சர்வர் ஒன்றுக்கு எஸ்எஸ்எச் (டெர்மினல் வழியே வேறு கணினிக்குள் நுழையும் கட்டளை) போட்டால் உள்ளே போகாது. விவரம் காட்டும் -வி தெரிவோடு ஓடவிட்டால், 'கெக்ஸ்இனிட் சென்ட்' என்று ஒரு வரி வந்து அதோடு உறைந்துவிடும். பிங் மட்டும் ஒன்று விடாமல் பதில் தருகிறது. "பிங் போகுதே, அப்ப நெட்வொர்க் நல்லாத்தானே இருக்கு?" என்றார். பிரவுசரை மாற்றினார், நெட்வொர்க் கார்டை மாற்றினார், கடைசியில் லினக்ஸையே அழித்துவிட்டு மறுபடி போட்டார். காப்பு எடுக்காத வேலைக் கோப்புகள் சில அதில் போய்விட்டன. புதிதாகப் போட்ட கையோடு தன் பழைய ஃபயர்வால் ஸ்கிரிப்டையும் கொண்டுவந்து வைத்தார். கோளாறு அதிலேயே இருந்ததால் அதுவும் கூடவே வந்துவிட்டது.

நடந்தது இதுதான். ஈத்தர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். டிஎஸ்எல்லில் பரவலாக இருக்கும் பிபிபிஓஇ, அதாவது 1999இல் ஆர்எஃப்சி 2516 என்ற இணைய விதி ஆவணமாக வெளிவந்த முறை, அதில் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். 6 பைட் அதன் தலைப்பு, 2 பைட் பிபிபியின் அடையாளம். மிச்சம் 1492. ரவுட்டர் முறை மோடத்துக்குப் பின்னால் இருக்கும் கணினிக்கு இது தெரியாது. 1500 பைட் பாக்கெட்டை, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு அனுப்பிவிடும். மோடத்தால் அதைக் கடத்த முடியாது. பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு, '1492க்கு மேல் போகாது' என்று கணினிக்குத் தகவல் சொல்லும். அந்தத் தகவல் வருவதே ஐசிஎம்பியில்தான்: வகை 3, குறியீடு 4. அதைப் பார்த்ததும் கணினி அளவைக் குறைத்து மறுபடி அனுப்பும். 1990இல் ஆர்எஃப்சி 1191 வகுத்த ஏற்பாடு இது.

அந்தத் தகவலை உங்கள் ஃபயர்வாலே விழுங்கிவிட்டால்? கணினிக்கு ஒன்றும் தெரியாது. பதில் வரவில்லையே என்று அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். சின்னப் பாக்கெட்டுகள் தடையில்லாமல் போவதால் பாதி நெட் வேலை செய்வது போலத் தோன்றும். லினக்ஸ் பிங் வழக்கமாக அனுப்புவது 56 பைட் தரவு, தலைப்புகளையும் சேர்த்தால் 84 பைட். அது 1492 என்ற எல்லைப் பக்கமே போவதில்லை. ஆகவே பிங் போகிறது என்பது இந்தக் கோளாறு இல்லை என்பதற்குச் சான்றே ஆகாது.

நண்பரின் ஸ்கிரிப்டில் எக்கோ ரிப்ளை என்ற ஒரு வகையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற ஐசிஎம்பி அத்தனையையும் வெட்டும் விதி முதலிலேயே இருந்தது. தான் அனுப்பும் பிங்குக்குப் பதில் வேண்டும் என்பதற்காக அந்த ஒரு விலக்கு. அதற்குக் கீழே, 'எஸ்டாப்ளிஷ்ட், ரிலேட்டட்' நிலையில் உள்ளவற்றை அனுமதிக்கும் வரி ஒழுங்காகவே இருந்தது. ஏற்கெனவே நடக்கும் இணைப்பைப் பற்றிய ஐசிஎம்பி பிழைகளை 'ரிலேட்டட்' என்றுதான் லினக்ஸ் வகைப்படுத்தும். அந்த வரி மேலே இருந்திருந்தால் எல்லாம் ஓடியிருக்கும். லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ் விதிகளை மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும், வெட்டு முதலில் வந்துவிட்டால் கீழே என்ன எழுதியிருந்தாலும் அதற்கு வேலை இல்லை. வரியை இடம் மாற்றினோம், எஸ்எஸ்எச் உள்ளே போனது.

இது ஏன் எல்லோருக்கும் நேர்வதில்லை? பல மோடங்கள், இணைப்பு தொடங்கும்போதே டிசிபியின் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச) அளவை 1452 ஆகத் திருத்திவிடும். 1492இல் ஐபி, டிசிபி தலைப்புகளுக்கு 40 போனால் மிச்சம் அது. அப்படிப்பட்ட மோடம் இருக்கும் வரை தப்பான ஸ்கிரிப்டும் நல்ல ஸ்கிரிப்டு போலவே தெரியும். மோடத்தை மாற்றும் நாளில் கோளாறு வெளியே வரும், பழி புது மோடத்தின் மேல் விழும்.

சோதிப்பது எளிது. டெர்மினலில் பிங் கட்டளையோடு -எம் டூ (-M do), -எஸ் 1464 (-s 1464) என்ற இரண்டு தெரிவுகளையும் கொடுங்கள். எம் பெரிய எழுத்து, எஸ் சின்ன எழுத்து. முதலாவது துண்டாக்காதே என்கிறது, இரண்டாவது தரவின் அளவு. 1464உடன் தலைப்புகளுக்கு 28 சேர்த்தால் 1492. இதற்குப் பதில் வர வேண்டும். அடுத்து 1465 போடுங்கள். இது தோற்க வேண்டும், ஆனால் எப்படித் தோற்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492 என்று சொல்லும் பிழைச் செய்தி வந்தால் எல்லாம் சரி. ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தால் யாரோ அந்தத் தகவலை வழியில் விழுங்குகிறார்கள், முதலில் உங்கள் ஃபயர்வாலைச் சந்தேகியுங்கள். சில சர்வர்கள் பெரிய பிங்குக்கு ஒழுங்காகப் பதில் தராது, ஒன்றுக்கு இரண்டு முகவரிகளில் பாருங்கள். ட்ரேஸ்பாத் கட்டளை இந்த அளவைத் தானாகவே கண்டுபிடித்துச் சொல்லும்.

தவறு மறுமுனையிலும் இருக்கலாம். அந்தப் பக்கத்து சர்வர் ஐசிஎம்பியை மூடி வைத்திருந்தால் உங்களுக்கு வர வேண்டிய பெரிய பாக்கெட்டுகள் வராமல் போகும். அதற்கு, ரவுட்டர் முறையில் இருப்பவர்கள் நெட்வொர்க் கார்டின் எம்டியூவை 1492 ஆக வைத்தால் போதும். பிரிட்ஜ் முறையில் இருப்பவர்கள் அந்தக் கார்டைத் தொடவே கூடாது. பிபிபி0 என்ற இடைமுகத்துக்குத்தான் 1492, அதைச் சுமக்கும் ஈத்தர்நெட் கார்டு 1500 ஆகவே இருக்க வேண்டும். இரண்டையும் 1492 ஆக்கிவிட்டு, மறுபடியும் 8 பைட் இடிக்கிறது என்று வந்தவர்கள் உண்டு. உங்கள் கணினி வழியாகப் பிற கணினிகளும் நெட்டுக்குப் போகின்றன என்றால், ஐபிடேபிள்ஸில் பிறர் பாக்கெட்டுகளைக் கடத்தும் ஃபார்வர்ட் செயினில் டிசிபிஎம்எஸ்எஸ் விதி ஒன்று தேவை. அளவைப் பாதைக்கு ஏற்பத் தானே குறைத்துக்கொள்ளும் 'க்ளாம்ப்' தெரிவு அதில் இருக்கிறது.

புதிய முகவரி முறையான ஐபிவி6இல் இந்தத் தவறு இன்னும் மோசம். அங்கே வழியில் உள்ள ரவுட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்குவதே இல்லை. பக்கத்துக் கணினியின் முகவரியைக் கண்டுபிடிப்பதும் ஐசிஎம்பிவி6 மூலமாகத்தான். அதை முழுதாக வெட்டினால் இணைப்பே நிற்கும். வெளியிலிருந்து வரும் பிங் தொந்தரவாக இருந்தால் எக்கோ ரிக்வெஸ்ட் என்ற ஒரு வகைக்கு மட்டும் வரம்பு வையுங்கள். மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

இரண்டு டிஃபால்ட் ரூட்

பிரிட்ஜ் முறையில் பிபிபி0 எழுந்துவிடும், முகவரியும் கிடைத்துவிடும், ஆனால் ஒரு பாக்கெட்டும் வெளியே போகாது. மோடத்தின் பக்கத்தைப் பார்ப்பதற்காக ஈத்தர்நெட் கார்டுக்கு முகவரி கொடுக்கும்போது, கூடவே கேட்வேயையும் நிரப்பியிருப்பார்கள். அதுவே டிஃபால்ட் ரூட், அதாவது பாக்கெட்டுகள் வெளியே போகும் வழக்கமான வழி, ஆகிவிடும். ஏற்கெனவே அப்படி ஒன்று இருந்தால், டயல் செய்யும் நிரலான பிபிபிடி அதை மாற்றாது. மாற்றவில்லை என்று லாக்கில் ஒரு வரியும் எழுதி வைக்கும். கார்டில் கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள். மோடத்தின் பக்கத்தைப் பார்க்க அது தேவையே இல்லை.

ரிசால்வ் கோப்பைக் கையால் எழுதுவது

1.1.1.1க்கு பிங் போகிறது, பெயரைக் கொடுத்தால் போகவில்லை என்றால், பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. உடனே ஈடிசி அடைவில் இருக்கும் ரிசால்வ் கோப்பைத் திறந்து திருத்துகிறார்கள். உபுண்டு போன்றவற்றில் அது நிஜக் கோப்பே அல்ல, சிஸ்டம்டி-ரிசால்வ்டு எழுதும் கோப்பைக் காட்டும் குறுக்குவழி (சிம்லிங்க்). அதில் தெரியும் 127.0.0.53 பிழையும் அல்ல, கணினிக்குள்ளேயே கேள்வி வாங்கும் முகவரி. நீங்கள் எழுதுவது அடுத்த முறை இணையும்போது அழிந்துவிடலாம். அழியாமல் இருக்கக் கோப்பைப் பூட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மடிக்கணினி வேறு நெட்வொர்க்குக்குப் போனதும் அடுத்த தலைவலி ஆரம்பம். டிஎன்எஸ் முகவரியை நெட்வொர்க் மேனேஜரில் அந்த இணைப்பின் அமைப்பிலேயே கொடுங்கள். எது நடப்பில் இருக்கிறது என்று ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் காட்டும்.

கடிகாரம்

கணினியின் தேதி வெகுவாகத் தப்பாக இருந்தால் பாதுகாப்பான (https) பக்கங்கள் திறக்காமல் போகலாம். இணைப்பில் குறை இல்லை.

லாக்கைப் படிக்காமல் ஊகிப்பது

ஜர்னல்சிடிஎல் கட்டளையை -எஃப் தெரிவோடு ஒரு ஜன்னலில் ஓடவிட்டு, இன்னொரு ஜன்னலில் டயல் செய்யுங்கள். கணினி முதலில் 'பாடி' என்ற பாக்கெட்டை அனுப்பி, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கும். மறுமுனை 'பாடோ' அனுப்பிப் பதில் சொல்ல வேண்டும். பாடோவுக்குக் காத்திருந்து நேரம் முடிந்தது என்று வந்தால், உங்கள் யூசர்நேம் இன்னும் யாரிடமும் போகவே இல்லை. லைன், மோடத்தின் முறை, விபிஐ, விசிஐ எண்கள் இவற்றைப் பாருங்கள். பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறைகளான பாப் அல்லது சாப் தோல்வி என்று வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, பிரச்சினை பாஸ்வேர்டில் அல்லது ஏற்கெனவே இருக்கும் அமர்வில். இணைந்து கொஞ்ச நேரம் கழித்து, மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் எல்சிபி எக்கோவுக்குப் பதில் இல்லை என்று அறுந்தால் மறுபடி மோடத்தின் பக்கத்துக்குப் போய் மார்ஜினைப் பாருங்கள். நிறுவனத்துக்குப் புகார் செய்யும்போது அந்த மார்ஜினையும், அறுந்த நேரத்தையும், லாக்கில் இருக்கும் வரியையும் சேர்த்துக் கொடுங்கள். 'நெட் வரவில்லை' என்று மட்டும் சொன்னால், மோடத்தை அணைத்துப் போடச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள்.