ஸ்மார்ட் கிரிட்டை விவரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு பீடரை, அதாவது துணைமின் நிலையத்திலிருந்து மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் வழித்தடத்தை, எடுத்துக்கொள்வோம். பருவத்தில் மட்டும் முழுவீச்சில் ஓடும் மாங்கூழ் ஆலை, பாசன மோட்டார்கள், கூரைச் சோலார், மின்வாகனச் சார்ஜிங் நிலையம் ஆகிய எல்லாமே அந்த ஒரே வழித்தடத்தை நம்பியிருக்கின்றன. இதை ஸ்மார்ட் கிரிட்டாக, அதாவது தகவல் தொடர்பின் உதவியால் கண்காணித்து இயக்கும் திறன்மிகு மின்வலையாக, மாற்றத் திட்டமிட்டு அதன் மாதிரியை எழுதுவோர், எந்தக் கருவியை வாங்குவது என்பதிலிருந்தே தொடங்கிவிடுவது முதல் தவறு. யாருக்கு என்ன பயன் வேண்டும், அதற்கு யார் யாரிடம் எந்தத் தகவலைத் தர வேண்டும் என்பதை முதலில் எழுத வேண்டும். அப்படி எழுதுவதற்கான படிவத்தை ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வெளியிட்ட 62559 என்ற தரநிலை தருகிறது.

சென், செனெலெக், எட்சி ஆகிய ஐரோப்பியத் தரநிலை அமைப்புகள் 2012-இல் வெளியிட்ட எஸ்ஜிஏஎம் என்ற ஸ்மார்ட் கிரிட் கட்டமைப்பு மாதிரியில் தொழில், செயல்பாடு, தகவல், தொடர்பு, உறுப்பு என ஐந்து அடுக்குகள் உண்டு. பலர் கீழேயுள்ள இரண்டை மட்டும் வரைந்துவிட்டு, கட்டணம், விதிகள், யாருக்கு என்ன பயன் என்பவற்றைச் சொல்லும் மேலே உள்ள தொழில் அடுக்கை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் மிகுந்த சேதம் விளைவிப்பது இதுதான். தமிழ்நாட்டில் பாசன மோட்டார்களுக்கு மின்சாரம் இலவசம். பல இணைப்புகளில் மீட்டரும் இல்லை. உச்ச நேரத்தில் விலையை உயர்த்தினால் பயன்பாடு குறையும் என்று எழுதப்பட்ட மாதிரி, கட்டணமே செலுத்தாத பாலக்கோட்டு விவசாயியிடம் எந்த மாற்றத்தையும் உண்டாக்காது.

துணைமின் நிலையக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள உருவான ஐஇசி 61850 தரநிலையையும், கட்டுப்பாட்டு அறை மென்பொருள்கள் வலையமைப்பின் விவரங்களைப் பரிமாறிக்கொள்ள உதவும் பொதுத் தகவல் மாதிரியையும் (ஐஇசி 61970, 61968) ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்று கருதுவதும் பிழை. ஒரே டிரான்ஸ்பார்மரை இரண்டும் வெவ்வேறு விதமாகக் குறிக்கின்றன; எது எதற்கு இணை என்ற பட்டியலைத் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

மாதிரியில் ஒரு கருவிக்கு ஊர்ப்பெயரையே அடையாளமாகக் கொள்ளலாகாது. பராமரிப்புப் பதிவேட்டில் ஒரு பெயரும் பில்லிங்கில் வேறு பெயரும் இருந்தால் தரவுகள் சேரா. ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத தனிக் குறியீடு வேண்டும்.

வீடுகளின் ஒருமுனை இணைப்புகள் மூன்று பேஸ்களிலும் சமமாகப் பரவியிருப்பதாகக் கொள்வதும் கிராமப்புறப் பீடருக்குப் பொருந்தாது.

இறுதியாக, சுவிட்சின் வழக்கமான நிலையையும் இப்போதைய நிலையையும் தனித்தனியே பதிய வேண்டும். பராமரிப்புக்காகச் சுமையைப் பக்கத்துப் பீடருக்கு மாற்றிய நாளில், வழக்கமான நிலையை மட்டும் காட்டும் மாதிரி, மின்சாரம் பாயும் கம்பியை மின்சாரம் இல்லாததாகக் காட்டிவிடக்கூடும். அந்தக் கம்பத்தில் ஏறப்போகிறவர் ஒரு லைன்மேன்.