மீன் தொட்டிக்குள் இமயமலை: புவித்தட்டு மோதலை மணலில் செய்து பார்ப்பது எப்படி?

பள்ளிக் கண்காட்சி என்றதும் தெர்மோகோலில் மலை செதுக்கிப் பச்சை வண்ணம் அடிப்பதுதான் வழக்கம். களிமண்ணை இருபுறமும் அழுத்திக் காட்டுபவர்களும் உண்டு. அதில் மடிப்பு அழகாக விழும். ஆனால் பாறை உடைவதும், உடைந்த துண்டு அடுத்ததன் மேல் ஏறுவதும் தெரியாது. மோதலில் மலை உயர்வதற்கு அதுதான் முக்கியக் காரணம். உலர்ந்த மணல் அதைக் காட்டும். ஆய்வுக்கூடங்களிலும் மணல்பெட்டியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் ஒன்றரை அடி நீளக் கண்ணாடித் தொட்டி வாங்குங்கள். அக்ரிலிக் வேண்டாம், நிலைமின்சாரத்தால் தூள் ஒட்டிக்கொண்டு உள்ளே நடப்பதை மறைத்துவிடும். தள்ளுவதற்கு 12 மி.மீ. பிளைவுட் பலகை, தொட்டியின் உள் அகலத்தைவிட 4 மி.மீ. குறைவாக. ஓரங்களில் கதவிடுக்கில் ஒட்டும் ஸ்பாஞ்சு நாடாவை ஒட்டுங்கள். இதை விட்டால் மணல் பின்னால் கசிந்து, மலை எழ வேண்டிய இடத்தில் பள்ளம் விழும்.

மணல் ஆறு கிலோ. மெரினாவில் அள்ளி வராதீர்கள். கடல் மணலின் உப்பு சென்னைக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈர மணல் கட்டியாகப் பெயருமே தவிர சரியாகப் பிளக்காது. பூச்சுவேலைக்கான பி-சாண்ட் போதும். தண்ணீர் தெளியும்வரை கழுவி, மொட்டைமாடியில் காயவைத்து, மாவுச் சல்லடையில் சலியுங்கள். மழைக்காலமென்றால் இரும்புச் சட்டியில் வறுத்து ஆறவிடுங்கள். அடுக்குகளைப் பிரித்துக் காட்ட அரை கிலோ வெள்ளைக் கோலப்பொடி வேண்டும். கல்பொடியாக இருக்கட்டும், அரிசி மாவு கட்டி தட்டும்.

பலகையைத் தொட்டியின் ஒரு முனையில் நிறுத்தி, மீதி இடத்தில் 1 செ.மீ. மணல், மேலே 1 மி.மீ. கோலப்பொடி என்று மாற்றி மாற்றிப் பரப்புங்கள். மொத்தம் 4 செ.மீ. அட்டையால் மெல்ல மட்டப்படுத்தலாம். தொட்டியைத் தட்டக் கூடாது. தட்டினால் மணல் இறுகி, பிளவின் கோணமே மாறிவிடும்.

இனிப் பலகையை ஒவ்வொரு சென்டிமீட்டராகத் தள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். மெதுவாகத் தள்ளினாலும் வேகமாகத் தள்ளினாலும் மணலுக்கு ஒன்றுதான். குலுக்கல் மட்டும் ஆகாது. முதலில் பலகையோரம் சற்றே வீங்கும். பிறகு அடியிலிருந்து ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் ஒரு பிளவு கிளம்பி, பலகைக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் மேற்பரப்பில் படியாக வெளிப்படும். வெள்ளைக் கோடு அங்கே அறுந்து, ஒரு பகுதி இன்னொன்றின் மேல் ஏறியிருக்கும். இன்னும் தள்ளினால் பழைய பிளவு ஓய்ந்து, அதற்கு முன்னால் புதிது பிறக்கும். 12 செ.மீ. தள்ளுவதற்குள் ஜேசிபி முன் குவியும் மண்போல ஓர் ஆப்பு உருவாகிவிடும்.

இந்த வரிசையைத்தான் கவனிக்க வேண்டும். பலகையைத் திபெத் என்றும் மணலை இந்தியத் தட்டின் மேலோடு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மோதலில் இமயத்தின் பெரும்பிளவுகளும் இப்படியே வடக்கிலிருந்து தெற்காகப் பிறந்தன: முதலில் மத்தியப் பெரும்பிளவு, அடுத்து எல்லைப் பெரும்பிளவு, கடைசியாக சிவாலிக் அடிவாரத்து முகப்புப் பிளவு. மூன்றும் வடக்கு நோக்கியே சாய்கின்றன, உங்கள் தொட்டியில் பலகைப் பக்கம் சாய்வதுபோல. இந்தியா நகர, பலகை நிற்க வேண்டாமா என்று யாராவது கேட்பார்கள். எது நகர்ந்தாலும் நெருக்கம் ஒன்றே.

மேலிருந்து பார்க்கையில் பிளவுக்கோடு ஓரங்களில் பின்தங்கி வளைந்திருந்தால், அது கண்ணாடியின் உராய்வு. கோணத்தை நடுப்பகுதியில்தான் அளக்க வேண்டும். ஆப்பின் சரிவு இன்னும் கூடுதலாக வேண்டுமானால் அடியில் உப்புத்தாளை ஒட்டிவிடுங்கள்.

கடல்தட்டு இன்னொரு தட்டின் கீழ் அமிழ்வதைக் காட்ட, மணலுக்கடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து, அசையாமல் கட்டிய பலகையின் கீழ் 2 மி.மீ. இடுக்கு வழியே பின்னால் எடுத்து மேல்நோக்கி இழுங்கள். தாள் உள்ளே போகும், மணல் சுரண்டப்பட்டு மேலே தங்கும். அந்தமான் தீவுகள் பெரும்பாலும் இப்படிச் சுரண்டிக் குவிந்தவை. ஆனால் அவற்றுக்குக் கிழக்கே உள்ள பாரன் தீவு எரிமலையை இந்தத் தொட்டியில் எதிர்பார்க்காதீர்கள், மணல் உருகாது. 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவருகே தட்டுகளின் பிணைப்பு விடுபட்டு மெரினாவரை அலை வந்ததே, அந்த மாதிரித் திடீர் விடுவிப்பையும் காட்ட முடியாது. திபெத்தின் அடியில் மேலோடு சுமார் 70 கி.மீ. வரை தடித்திருப்பதும் தெரியாது. கண்ணாடித் தரை கீழே அமிழாதல்லவா?

முடிந்ததும் தண்ணீரைத் தூவலாகத் தெளித்து மணலை நனையவிட்டு, மெல்லிய கத்தியால் நடுவில் வெட்டினால் உள் அமைப்பு அப்படியே நிற்கும். கோலப்பொடி கலந்துவிட்ட மணலை மறுபடி அலசாமல் பயன்படுத்த வேண்டாம். வெள்ளைக் கோடுகள் மங்கிவிடும்.