போர்ச், போர்ட்டிகோ, வெரண்டா: ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிப் பார்ப்பது எப்படி?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக்குப் படம் கீறித் தந்தவர், முன்பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் ‘போர்ச்’ என்றும் அடுத்ததற்குள் ‘வெரண்டா’ என்றும் எழுதியிருந்தார். இரண்டும் விறாந்தைதானே என்று வீட்டில் ஒரே வாக்குவாதம். அந்தச் சாட்டில் தேடிப் பார்த்ததை, சொல்லின் வேர் பார்க்கப் பழகுகிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: பொருளைப் பிடியுங்கள்

எந்த நாட்டு ஆங்கிலம் என்று முதலில் பாருங்கள். பிரித்தானியாவில் போர்ச் என்பது வாசற்கதவுக்கு முன்னால் கூரை போட்ட சின்ன இடம். மழைக்கு ஒதுங்கி நின்று குடையை மடக்கலாம், அவ்வளவுதான். அமெரிக்காவில் கதிரை போட்டு ஊர்க்கதை பேசும் நீள விறாந்தையும் போர்ச்தான். நம் பக்கத்தில் கார் விடுகிற கூரைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

படி 2: அகராதி

எனக்கு எட்டிம்ஆன்லைன் என்ற, ஆங்கிலச் சொற்களின் வேர் சொல்லும் இணைய அகராதி போதும். இலவசம், ஒரு சொல்லுக்குச் சின்னதாய் ஒரு பந்தி. ஆக்ஸ்போர்டின் பெரிய அகராதி இதைவிட ஆழம், ஆனால் சந்தா கேட்கும். யாரும் திருத்தக்கூடிய இணைய அகராதியான ஆங்கில விக்சனரியை இரண்டாவது சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: அந்தப் பந்தியை வாசிப்பது

இங்கேதான் பலரும் திணறுவார்கள். அகராதி கதையைப் பின்னோக்கிச் சொல்லும். ஒரு தாளில் மொழி, வடிவம், பொருள் மூன்றையும் வரிக்கு ஒன்றாக எழுதிக்கொண்டு போங்கள். போர்ச் ஆங்கிலத்துக்கு வந்தது 1300 அளவில், பழைய பிரெஞ்சிலிருந்து. பிரெஞ்சுக்கு அதைக் கொடுத்தது லத்தீன். அங்கே ‘போர்ட்டிகுஸ்’ என்றால் தூண்கள் தாங்கும் கூரை போட்ட நடை. அது ‘போர்ட்டா’விலிருந்து பிறந்தது, போர்ட்டா என்றால் வாயில். ஒரு வரியின் பொருள் அடுத்த வரியோடு கொளுவவில்லை என்றால் நடுவில் எதையோ தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று. ‘இதிலிருந்து வந்தது’ வேறு, ‘இதற்கு உறவு’ வேறு. திருகோணமலைக்காரருக்குப் போர்ட் என்றதும் துறைமுகம்தான் ஞாபகம் வரும். துறைமுகத்துக்கான லத்தீன் சொல் ‘போர்ட்டுஸ்’. அது போர்ட்டாவுக்கு உறவுதான், ஆனால் போர்ச்சுக்குத் தாய் இல்லை. தாளில் உறவுச் சொற்களைப் பக்கவாட்டில் எழுதுங்கள், கீழே எழுதாதீர்கள்.

படி 4: அதே சொல் திரும்பவும் வந்ததா?

போர்ட்டிகோவைத் தேடுங்கள். அதே போர்ட்டிகுஸ்தான், இந்தமுறை இத்தாலிய மொழி வழியாக 1600 அளவில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பிரெஞ்சுப் பாதையில் வந்தது தேய்ந்து குறுகிவிட்டது, இத்தாலியப் பாதையில் வந்தது பெரும்பாலும் முழுசாக நிற்கிறது.

படி 5: பக்கத்துச் சொல்

வெரண்டாவை ஆங்கிலேயர் எடுத்தது இந்தியாவிலிருந்து. அது போர்த்துக்கேயரின் ‘வறாண்டா’ என்பதே பெரும்பாலோர் கருத்து. சமஸ்கிருதத்தோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. 1886இல் வந்த ஹொப்சன் ஜொப்சன், அதாவது இந்தியாவில் ஆங்கிலேயர் பேச்சில் புழங்கிய சொற்களின் அகராதி, இந்த வழக்கை நன்றாக அலசும். ஒரு எச்சரிக்கை: போர்த்துக்கேயர் திருகோணமலையில் கோட்டை கட்டியது 1624இல். அதைப் பிடித்துக்கொண்டு நம் ‘விறாந்தை’ என்ற சொல்லும் அந்த ஆண்டில் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். கோட்டைக்கு ஆண்டு இருக்கிறது, சொல்லுக்கு அப்படி நாள் குறிக்க முடியாது.

பின்சேர்க்கை: அமெரிக்காவில் வாசற்படி மேடையை ‘ஸ்டூப்’ என்கிறார்களே, அது இதில் சேருமா என்று சிலர் கேட்டார்கள். சேராது. அது ஒல்லாந்தரின் ‘ஸ்டூப்’. நியூயோர்க் பக்கம் அவர்களோடு போனது. இங்கே சிங்களத்தில் விறாந்தையை ‘இஸ்தோப்புவ’ என்பதும் அதே ஒல்லாந்தச் சொல்தான். அப்புறம், குனிவதற்கும் ஆங்கிலத்தில் ஸ்டூப் என்றே எழுத்து. அது வேறு வேர். அகராதியில் இரண்டும் தனித்தனிப் பதிவாக இருக்கும், பொருளைப் பார்த்துத் திறவுங்கள்.