கையெழுத்தை மறைத்துவிட்டு வாசியுங்கள்: கட்சிப் பற்று வளைக்கும் வாதங்களைச் சோதிக்க ஒரு வழி

திருகோணமலையில் அரசியல் வாதம் சூடேறுவதற்குத் தேர்தல் வரவேண்டும் என்பதில்லை. நகருக்கு அருகே சீனக்குடாவில் உள்ள எண்ணெய்க் குதங்களை, அதாவது பெரிய எண்ணெய்ச் சேமிப்புத் தொட்டிகளை, பற்றி யாராவது வாய் திறந்தாலே போதும். கட்சிப் பற்றும் இனப் பற்றும் நம்முடைய நியாயங்களை எவ்வாறு முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன என்பதைக் கண்டறிய விரும்புபவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பயிற்சிக் களம் இவ்வூரில் இல்லை என்பதால், இந்தக் குறிப்பிலும் அதனையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு தாளில் விபரங்களை மட்டும் எழுதுங்கள். பிரித்தானியர் விட்டுச்சென்ற குதங்கள் 99. 2022 ஜனவரியில் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின்படி 24 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் 14 குதங்கள் இந்திய அரச எண்ணெய் நிறுவனமான ஐ.ஓ.சி.யின் இலங்கைத் துணை நிறுவனமாகிய லங்கா ஐ.ஓ.சி.க்கும் உரியன, எஞ்சிய 61 குதங்களை இரண்டும் இணைந்து அபிவிருத்தி செய்யும் கூட்டு நிறுவனத்தில் இலங்கைத் தரப்புக்கு 51 வீதமும் இந்தியத் தரப்புக்கு 49 வீதமும் பங்கு. பின்னர் 2025 ஏப்ரலில், வேறோர் அரசாங்கத்தின் காலத்தில், திருகோணமலையை எரிசக்தி மையமாக வளர்ப்பதற்கு இலங்கையும் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இப்போது ஒவ்வொன்றிலும் எந்த அரசாங்கம் கையெழுத்திட்டது என்ற வரியை விரலால் மறைத்துக்கொண்டு, உங்கள் கருத்தை எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால், இதுவரை உங்கள் கருத்து என்று நீங்கள் எண்ணியிருந்தது அந்த வரியிலிருந்து வந்தது.

இதை நான் மேலிருந்து சொல்லவில்லை. 2022 இல் பங்கு வீதம் எவ்வளவு என்று தெரியாமலே அந்த ஒப்பந்தத்துக்காக வாதாடியவன் நான். இந்தியா இங்கே காலூன்றினால் நமக்குப் பாதுகாப்பு என்ற பழைய நம்பிக்கை எனக்குள் முந்திக்கொண்டது. என்னோடு வாதிட்டவருக்கோ நிலம் பறிபோகும் என்ற பழைய அச்சம் முந்திக்கொண்டது. இருவரும் குதங்களைப் பற்றிப் பேசியதாகத்தான் நினைத்தோம்.

அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி கோஹென் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் சமூக நலக் கொள்கைகளைக் காட்டி, அவற்றை எந்தக் கட்சி ஆதரிக்கிறது என்பதை மாற்றி மாற்றிச் சொன்னார். தம் கட்சி ஆதரிப்பதாக அறிந்தவர்கள், தமது கொள்கைக்கே முரணான திட்டத்தையும் ஆதரித்தார்கள். ஆனால் திட்டத்தின் உள்ளடக்கத்தை வைத்தே முடிவெடுத்ததாக நம்பினார்கள். நம்மில் எவரும் கட்சிக்காக வாதாடுவதாக உணர்வதில்லை என்பதால், உங்களை நீங்களே கேட்டறிவது பயன்தராது. விரலால் மறைத்துத்தான் பார்க்கவேண்டும்.

‘இனிமேல் நடுநிலையாகச் சிந்திப்பேன்’ என்று தீர்மானம் எடுப்பதும் உதவாது. சார்ள்ஸ் லோர்டும் சகாக்களும் 1984 இல் மரண தண்டனை குறித்த ஆய்வுகளை எதிரெதிர்க் கருத்துடையவர்களுக்கு வாசிக்கக் கொடுத்தபோது, நீதிபதியைப் போல் பக்கச்சார்பின்றி வாசிக்கும்படி அறிவுறுத்தப்பட்டவர்களும் தத்தம் பக்கத்திலேயே மேலும் உறுதிப்பட்டார்கள். ‘இதே ஆய்வு மறுபக்கத்துக்குச் சாதகமான முடிவைத் தந்திருந்தால் இதை இவ்வாறே மதிப்பிட்டிருப்பேனா?’ என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கும்படி சொல்லப்பட்டவர்களிடம் அந்தச் சாய்வு காணப்படவில்லை. அந்த ஒரு கேள்வியை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த செய்தி வந்தால் ‘இதை நம்ப இடமுண்டா’ என்று தேடுகிறோம், பிடிக்காத செய்தி வந்தால் ‘இதை நம்பித்தான் ஆகவேண்டுமா’ என்று குடைகிறோம். இரண்டுக்கும் ஒரே தராசைப் பிடிக்க வைப்பது அக்கேள்விதான்.

எண்களைப் பற்றிய வாதமானால், முடிவு வருமுன்னரே அளவுகோலை எழுதி வையுங்கள். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேந்திரன் நாடளாவிய ரீதியில் 226,343 வாக்குகளைப் பெற்றார். அந்த எண்ணையே ஒருவர் மக்கள் ஆணை என்றும் இன்னொருவர் மக்களின் நிராகரிப்பு என்றும் வாசித்ததை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். எத்தனை வாக்கு வந்தால் வெற்றி என்று வாக்களிப்புக்கு முதல்நாள் இருவரும் எழுதி, தாளை மூன்றாமவரிடம் கொடுத்திருந்தால், குறைந்தபட்சம் ஒருவராவது அடக்கமாகப் பேசியிருப்பார். அடுத்த தேர்தலுக்கு இதைச் செய்து பாருங்கள். தாள் இல்லாவிட்டால் வாட்ஸ்அப் செய்தி போதும்.

மற்றவரோடு பேசும்போது இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடப்பெயர்வையும் கலவரத்தையும் கண்ட ஊரில், தன் ஆட்களோடு ஒட்டி நிற்பது பலருக்கு உயிர் காத்த பழக்கம். அதை அறியாமை என்று எள்ளி நகையாடுபவர் வாதத்தைத் தொடங்குமுன்னரே தோற்றவர். தேநீர்க் கடையில் நான்கு பேர் பார்த்திருக்க மாமா ஒருவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளமாட்டார், ஏனெனில் அங்கே அவர் இழப்பது கருத்தை மட்டுமன்று. மாலையில் டச்சுக்குடாக் கடற்கரையில் அவரோடு தனியே நடக்கும்போது, ‘ஏன் அப்பிடி நினைக்கிறியள்?’ என்று கேட்காமல், ‘மாமா, இந்த ஒப்பந்தம் நடந்தா சீனக்குடாவில முதல்ல என்ன மாறும்? பிறகு என்ன?’ என்று கேளுங்கள். ‘ஏன்’ என்பதற்குக் கட்சியின் பதில் தயாராக இருக்கும். ‘எப்படி’ என்பதற்கு அவரே யோசிக்கவேண்டும், இரண்டாம் மூன்றாம் படியில் ‘அது எனக்கு வடிவாத் தெரியாது’ என்று அவரே சொல்லக்கூடும். அப்போது வெற்றிப் புன்னகை வேண்டாம். உங்களுக்கும் தெரியாத படி எது என்று சொல்லிவிட்டால், அவருக்குத் திரும்பி வர வழி கிடைக்கும்.

பேச்சு எப்போதாவது ‘அப்ப நீ ஆற்ற ஆள்?’ என்ற இடத்துக்கு வந்தால், அதற்குப் பிறகு 61 என்றும் 51 என்றும் சொல்லிப் பயனில்லை. தேநீருக்குக் காசைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்து, குதங்களைப் பற்றி ஒன்றும் எடுக்காமல், வீட்டுப் பக்கம் போய் அவரைக் கண்டு வாருங்கள்.