பப்பாளி கிரீமில் பப்பாளி எவ்வளவு?
பழச்சாறு சேர்த்த கிரீம், சீரம் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கம் உள்ள சேர்பொருள் பட்டியலில் பீனாக்ஸிஎத்தனால் என்ற பெயரைத் தேடுங்கள். நீங்கள் பணம் கொடுக்கும் பப்பாளியோ மாதுளையோ அதற்குப் பிறகு வந்தால், பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

காரணம் இதுதான். 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அளவு அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். பீனாக்ஸிஎத்தனால் கெடாமல் காக்கச் சேர்ப்பது, ஐரோப்பிய விதிப்படி அதன் உச்சவரம்பே 1 சதவீதம். பழச்சாறு முன்னால் இருந்தாலும் முழுசாக நம்பிவிட முடியாது. பல சாறுகள் தண்ணீரிலோ கிளிசரினிலோ கரைத்தே வருகின்றன.

ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவை 1 சதவீதத்துக்குக் கீழேயே நன்றாக வேலை செய்யும். சாற்றில் உள்ள முக்கியப் பொருளின் சதவீதத்தை நிறுவனமே தனியாக அச்சிட்டிருந்தால், அதை வைத்து முடிவு செய்யுங்கள். அப்புறம், பீனாக்ஸிஎத்தனாலே சேர்க்காத கிரீம்களில் இந்த வழி உதவாது.