முத்தம் தந்தால்தான் மிட்டாயா? சிறு குழந்தைக்கு உடல் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கும் முறை

மாசிக் கொடைத் திருவிழாவுக்கு மண்டைக்காட்டில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மாமா ஒருவர் மிட்டாயை உயரத் தூக்கிப் பிடித்து, "மக்களே, ஒரு முத்தம் தந்தால்தான் இது" என்றார். என் நான்கு வயது மகள் சேலைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்தாள். அவளைப் பிடித்து முன்னால் தள்ளியது நான்தான். மாமா நல்லவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் பண்டத்தைக் காட்டி முத்தம் கேட்டால் கொடுக்க வேண்டும் என்ற பாடத்தை அன்று நானே நடத்திவிட்டேன்.

அதனால் முதல் படி பெரியவர்களுக்கு. குழந்தை "வேண்டாம்" என்றால் முத்தம் இல்லை, மடியில் இழுத்து உட்காரவைப்பது இல்லை, கிச்சுகிச்சு மூட்டுவதும் அந்த நொடியே நிற்க வேண்டும். மரியாதைக்கு வணக்கம் போதும். எங்கள் வீட்டில் மாமியார் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். இப்போது அவரே, "பாட்டிக்கு இன்று முத்தமா, வணக்கமா?" என்று கேட்கிறார். பெரும்பாலும் முத்தம்தான் கிடைக்கிறது.

இரண்டாவது, உறுப்புகளின் பெயர். குளிப்பாட்டும்போது கை, முட்டி, தொப்புள் என்று சொல்லிவரும் அதே குரலில் ஆண்குறி, பெண்குறி, ஆசனவாய் என்றும் சொல்லுங்கள். வீட்டுக்குள் மட்டும் புரியும் செல்லப் பெயர் உதவாது. "பூ வலிக்கிறது" என்று குழந்தை சொன்னால் ஆசிரியைக்கு என்ன விளங்கும்?

மூன்றாவது, ஜட்டி விதி. ஜட்டியும் பனியனும் மறைக்கும் இடங்களை யாரும் தொடக்கூடாது, பார்க்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. அடுத்தவருடையதைத் தொடச் சொன்னாலும் கூடாது. குளிப்பாட்டும் அம்மாவும், அம்மா பக்கத்தில் இருக்கும்போது பரிசோதிக்கும் மருத்துவரும் விலக்கு. 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஊசி வலிக்கும், ஆனால் தவறில்லை. தவறான தொடுதல் சில நேரம் வலிக்கவே செய்யாது. விதி மீறப்பட்டதா என்பதைக் குழந்தையால் எளிதாகச் சொல்லிவிட முடியும்.

நான்காவதுதான் கடினம்: ரகசியம். குழந்தைகளிடம் அத்துமீறுபவர்களில் பெரும்பாலானோர் தெரிந்தவர்களே. அவர்களுடைய ஆயுதம், "அம்மாவிடம் சொல்லாதே" என்ற வார்த்தை. அப்பாவின் பிறந்தநாளுக்கு வாங்கிய சட்டையை மறைத்தால் அது இரண்டு நாளில் வெளியே வந்துவிடும், அதில் தவறில்லை. ஆனால் எப்போதுமே சொல்லாதே என்று யார் சொன்னாலும் அதை உடனே சொல்ல வேண்டும். "நீ சொன்னால் அம்மா உன்னைத் திட்ட மாட்டேன்" என்பதைப் பலமுறை சொல்லுங்கள்.

யாரிடம் சொல்வது? ஐந்து விரலுக்கு ஐந்து பேர். குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும், ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். என் மகளின் சுண்டுவிரல் அங்கன்வாடி ஆசிரியைக்குப் போனது; என் நாத்தனாருக்கு இடமே கிடைக்கவில்லை.

பிறகு ஒத்திகை. தக்கலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கேள்வி: "வேன் மாமா மடியில் உட்காரச் சொன்னால்?" வாரம் ஒன்று போதும், பயமுறுத்த வேண்டாம். "வேண்டாம்" என்று உரக்கச் சொல்வது, விலகி ஓடுவது, விரலில் இருப்பவரிடம் சொல்வது. பயத்தில் உறைந்துபோய் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் அது அவள் தவறில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

உங்கள் குழந்தை ஏதாவது சொல்லிவிட்டால், முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாமல் "சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். போட்டிருந்த உடையைத் துவைக்காதீர்கள். 1098-ஐ அழையுங்கள், குழந்தைகளுக்காக எந்நேரமும் இயங்கும் இலவச உதவி எண். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டப்படி குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே பதிவு செய்யலாம். அதைக் கேட்கும் காவல் அதிகாரி சீருடையில் வரக்கூடாது. குழந்தையின் பெயரையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடவும் தடை இருக்கிறது. 'ஊர் என்ன சொல்லும்' என்று தயங்கும் பாட்டிகளிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கடைசி இரண்டையும்தான்.